தந்தை மறுத்த வயலின்

சென்ற வருடம் ஜூன் மாதம் ஒரு நாள் வாப்பா ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கடைப் பத்திரம் ஒன்று தொடர்பான விசாரணை. எடுத்தவர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவேயில்லை. கடையில் ஆள் நின்றதால் வாப்பா கைபேசியை என்னிடம் தந்துவிட்டு மிளகு நிறுக்கப் போய்விட்டார். பதினொரு நிமிடம் நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி ஒலித்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கடைசியில் கராம்புப் பைகளை எண்ணியபடியே அந்த மெட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தொடர்பு அறுந்தது. வாப்பாவின் விசாரணைக்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்கோ இது யாருடைய மெட்டு என்று ஒரு கேள்வி கிடைத்தது.

எங்கள் உக்குவளையில் காலையும் மாலையும் பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டி ஒலிக்கும் மெட்டு பீத்தோவனுடையது என்று வகுப்பில் ஒருமுறை ஆசிரியை சொன்னபோது நாங்கள் நம்பாமல் சிரித்தோம். இருநூறு வருடத்துக்கு முந்திய ஜேர்மன் இசைமேதை எங்கள் ஒழுங்கைக்குள் மாலுபாணுடன் வருவார் என்று யார் நினைப்பார்கள்? ஆகவே தொலைபேசி மெட்டுக்கும் ஒரு பெரிய பெயர் இருக்கலாம் என்று நானாவின் கைபேசியில் தேடினேன். இருந்தது. நீல டான்யூப் என்ற வோல்ட்ஸ். ஆக்கியவர் வியன்னா நகரத்து யொஹான் ஸ்ட்ராஸ். அந்தப் பெயரைத் தொடர்ந்து போனபோது என்னை நிறுத்திய செய்தி வேறொன்று. 1926ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஃபிரீட்ரிக் ஸெல்னிக் என்ற இயக்குநர் இந்த மெட்டின் பெயரிலேயே ஒரு திரைப்படம் எடுத்திருக்கிறார். லியா மாராவும் ஹரி லீட்கேயும் நடித்த படம். அது பேசாப்படம்! இரண்டு வருடத்தில், 1928இல், அமெரிக்காவிலும் அதே பெயரில் இன்னொரு பேசாப்படம் வந்தது. ஓசையே இல்லாத படத்துக்கு ஒரு மெட்டின் பெயரை வைத்தால் பார்க்க வருபவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இசைக்கருவி எதுவும் இல்லை. ரபான் தட்டிப் பைத் பாடிக்கொண்டு வரும் பக்கீர்மாரைத் தவிர எங்கள் வாசலுக்கு வாத்தியம் வந்ததும் இல்லை. வயலின்காரர் ஒருவரைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று வகுப்புத் தோழிகள் கேட்டார்கள். வயலினைவிட, ஒரு தந்தையையும் மகனையும் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கிறது.

வோல்ட்ஸ் என்பது மூன்று தட்டுகளில் ஓடும் நடன இசை. முதல் தட்டு பலமாக விழும், அடுத்த இரண்டும் மெல்ல விழும். மேசையில் விரலால் ஒரு முறை அழுத்தியும் இரண்டு முறை மெதுவாகவும் தட்டிப் பாருங்கள், வந்துவிடும். நம் பக்கத்து இசையில் இதைத் திஸ்ரம் என்பார்கள். ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுழன்று ஆடும் நடனம் என்பதால் அது பரவிய காலத்தில் ஐரோப்பாவின் பெரியவர்களே முகம் சுளித்தார்கள். வோல்ட்ஸின் அரசன் என்று பெயர் பெற்ற ஸ்ட்ராஸுக்கோ ஆடவே தெரியாதாம்.

கதை அவருடைய பாட்டனாரிடமிருந்து தொடங்குகிறது. வியன்னாவில் டான்யூப் ஆற்றோரம் ஒரு சிறிய சத்திரம் நடத்தியவர் அவர். 1816இல் அவருடைய உடல் அதே டான்யூப் ஆற்றில் மிதந்தது. மனைவி முன்பே இறந்திருந்தார். பன்னிரண்டு வயது மகன் அநாதையானான். அவன் பெயரும் யொஹான் ஸ்ட்ராஸ். புத்தகம் கட்டும் ஒருவரிடம் வேலை பழகப் போனான். இடையில் வயலின் கற்றான். இருபது வயது கடந்த சில வருடங்களிலேயே சொந்த வாத்தியக் குழுவுடன் வியன்னாவையே ஆட்டிவைக்கும் ஆளாகிவிட்டான். 1838இல் விக்டோரியா மகாராணியின் முடிசூட்டு விழாக் காலத்தில் லண்டன் வரை போய் வாசித்தவர் இந்தத் தந்தை ஸ்ட்ராஸ்.

இவ்வளவு பெயர் பெற்ற இசைக்காரருக்கு 1825 ஒக்டோபர் 25ஆம் திகதி மூத்த மகன் பிறந்தான். தன் பெயரையே வைத்தார். ஆனால் தன் தொழில் மட்டும் மகனுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தார். யொஹான் வங்கியில் வேலை செய்ய வேண்டும், அடுத்தவன் யோசப் இராணுவத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. வாசிக்கும்போது இந்தத் தந்தையை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யோசித்தால் விளங்குகிறது. இரவெல்லாம் கண் விழித்து, பிறர் ஆடுவதற்காக வாசித்து, ஊர் ஊராக அலைந்து நோயாளியானவர் அவர். அந்த அலைச்சலின் விலை அவருக்குத்தான் தெரியும். மிளகு விலை ஒரு கிழமையில் விழுந்து எழும்புவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த என் வாப்பாவும், பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்குப் போனால் போதும் என்றுதான் சொல்வார்.

பியானோ வாசிக்கலாம், அது நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அழகு. வயலின் கூடாது, அது தொழில். இப்படி ஒரு கோடு போட்டிருந்தார் தந்தை. வீட்டிலேயே அவருடைய குழு ஒத்திகை பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூத்தவன் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்தான். அந்தக் காசில் தந்தையின் குழுவில் வாசித்த ஒருவரிடமே இரகசியமாக வயலின் கற்றான். வயலின்காரன் நிற்கிற தோரணையும் முக்கியம் என்று ஆசிரியர் சொன்னதால் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தான். ஒரு நாள் கதவு திறந்தது. வாசலில் தந்தை. அதன் பிறகு நடந்தது ஒரு பெரிய ரகளை என்றுதான் எல்லா நூல்களும் சொல்கின்றன.

தாய் அன்னா அமைதியாக மகன் பக்கம் நின்றார். இதற்கிடையில் தந்தை வேறொரு பெண்ணுடன் வேறொரு வீட்டில் குடும்பம் நடத்தி, அங்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் ஒரேயடியாக அந்த வீட்டுக்குப் போய்விட்டபோது, அன்னா அழுதுகொண்டு உட்காராமல் மகனை நல்ல ஆசிரியர்களிடம் அனுப்பினார். பொலிடெக்னிக்கில் வணிகமும் கணக்குப்பதிவும் படித்துக்கொண்டிருந்தவன் அதை விட்டுவிட்டுத் தேவாலய இசை வல்லுநர் யோசப் டிரெக்ஸ்லரிடம் இசையமைப்புக் கற்கத் தொடங்கினான். மகனுடைய திறமையை நம்பியா, கணவரோடு இருந்த கோபத்திலா அன்னா இதைச் செய்தார் என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரு தாயின் மனதில் ஒன்றாக இருக்க முடியாதா என்ன?

இந்தக் கணக்குப்பதிவு என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது வாப்பா எனக்கு வர்த்தகப் பிரிவு என்று முடிவு செய்திருந்தார். கணக்கீட்டில் எனக்கு நல்ல சித்தி, கடைக் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய நியாயம். எனக்குத் தமிழும் புவியியலும் ஊடகக் கற்கையும் வேண்டும். மூன்று கிழமை எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் மிகவும் அமைதியாக இருந்தது. கடைசியில் உம்மா என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு காலையில் வாப்பா கலைப் பிரிவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்திருந்தார். ரகளை எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, கண்ணாடி முன்னால் பிடிபட்ட அந்தப் பையனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

1844இல் மகனுக்கு வயது பதினெட்டு. சட்டப்படி இன்னும் பராயமடையாதவன். சொந்தக் குழு நடத்த நகரசபையிடம் அனுமதி கேட்டான், கிடைத்தது. இடம்தான் கிடைக்கவில்லை. தந்தையைப் பகைத்துக்கொள்ள மண்டபக்காரர்கள் பலர் பயந்தார்கள். நகரத்துக்கு வெளியே ஹீட்ஸிங் என்ற பகுதியில் டொம்மயர் என்பவரின் மண்டபம் ஒன்று சம்மதித்தது. 1844 ஒக்டோபர் 15ஆம் திகதி மாலை அங்கே கூடியவர்களில் பாதிப் பேர் இசை கேட்க வந்தார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மகன் தன் புதிய வோல்ட்ஸ்களை வாசித்தான். மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் கடைசி உருப்படிக்காகக் காத்திருந்தபோது அவன் தன்னுடையதை எடுக்கவில்லை. தந்தையின் புகழ்பெற்ற வோல்ட்ஸ் ஒன்றை வாசித்து நிகழ்ச்சியை முடித்தான்.

நான் மிகவும் விரும்பும் இடம் இதுதான். எதிர்த்து நின்ற மேடையிலேயே எழுந்து நின்று ஸலாம் சொன்னது போன்ற ஒரு காரியம். அதைப் பற்றிப் பத்திரிகைக்காரர் ஒருவர், தந்தைக்கு மாலை வணக்கமும் மகனுக்குக் காலை வணக்கமும் கூறுவதுபோல எழுதினார். தந்தைக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்த மண்டபத்தில் அதன் பின் அவர் வாசிக்கவேயில்லை.

நான்கு வருடத்தில் பகை அரசியலாகவும் மாறியது. 1848இல் வியன்னாவில் புரட்சி வெடித்தது. மகன் இளைஞர்கள் பக்கம் சேர்ந்து, தடைசெய்யப்பட்டிருந்த பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டை வெளியில் வாசித்துப் பொலிஸ் விசாரணைக்குப் போனார். தந்தை அரசர் பக்கம் நின்று, இத்தாலியில் கிளர்ச்சியை அடக்கிய தளபதி ராடெட்ஸ்கியைப் போற்றி ஓர் அணிநடை இசை எழுதினார். ஒரே நகரம், ஒரே பெயர், இரண்டு குழுக்கள். அரண்மனை மகனுடைய அந்தப் பாட்டை நீண்ட காலம் மறக்கவில்லை. அரச நடன விழாக்களின் இசைப் பணிப்பாளர் பதவியைப் பலமுறை கேட்டும் மறுத்து, 1863இல்தான் கொடுத்தது.

தந்தைக்கு அடுத்த வருடமே முடிவு வந்தது. இரண்டாவது வீட்டுக் குழந்தை ஒன்றிடமிருந்து ஸ்கார்லட் காய்ச்சல் தொற்றி, 1849 செப்டெம்பர் 25ஆம் திகதி 45 வயதில் இறந்தார். தலைவனில்லாமல் நின்ற அவருடைய குழு கொஞ்ச நாளில் மகனிடம் வந்து சேர்ந்தது. தந்தையின் ஆட்களும் மகனின் ஆட்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசித்தார்கள்.

அதன் பிறகு வந்த வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அவரும் அவற்றை அப்படித்தான் கடந்தார். ஒரே இரவில் இரண்டு மூன்று மண்டபங்களில் வாசித்தார், விடியுமுன் புது மெட்டு எழுதினார். 1853இல் உடம்பு முறிந்து படுத்துவிட்டார். குடும்பத் தொழில் நிற்கக் கூடாது என்று தாய் தம்பி யோசப்பை இழுத்துவந்தார். யோசப் ஒரு பொறியியலாளர். குதிரை இழுக்க, சுழலும் தூரிகைகளால் தெருக் கூட்டும் வண்டி ஒன்றை வடிவமைத்தவர். அவரிடம் தற்காலிகமாக என்று சொல்லிக் கோலைக் கொடுத்தார்கள். அவர் திரும்பப் போகவேயில்லை. கடைசித் தம்பி எடுவார்டும் வந்தார். தந்தை ஒருவரைக்கூட விடக் கூடாது என்று நினைத்த தொழிலுக்கு மூன்று பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். 1856 முதல் சுமார் பத்துக் கோடைகாலங்கள் மூத்தவர் ரஷ்யாவில், பீற்றர்ஸ்பேர்க்குக்கு அருகே பவ்லொவ்ஸ்க் என்ற ஊரில், ரயில் கம்பனி ஒன்றின் மண்டபத்தில் வாசித்தார். ரயிலில் ஆட்களை ஏற்றுவதற்காக ரயில் கம்பனி இசை நிகழ்ச்சி வைத்தது! எங்கள் உக்குவளை ரயில் நிலையத்தில் காலை ரயிலுக்குக் காத்து நிற்கும்போது இதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன்.

இப்போது அந்த மெட்டுக்கு வருகிறேன். 1866 ஜூலையில் ஒஸ்திரியா பிரஷ்யாவிடம் படுதோல்வி அடைந்தது. வியன்னா சோர்ந்து கிடந்தது. அடுத்த வருடக் களியாட்டக் காலத்துக்காக நகரத்தின் ஆண்கள் பாடற்குழு ஸ்ட்ராஸிடம் ஒரு பாட்டு வோல்ட்ஸ் கேட்டது. மெட்டு வந்தது. அதற்கு யோசப் வைல் என்பவர் சோர்ந்த நகரத்தைக் கிண்டலாகத் தேற்றும் வரிகளை எழுதிப் பொருத்தினார். 1867 பெப்ரவரி 15ஆம் திகதி டயானா மண்டபத்தில் அரங்கேற்றம். அன்று ஸ்ட்ராஸ் அங்கே இருக்கவில்லை, அரண்மனையில் வாசித்துக்கொண்டிருந்தார். மக்கள் கைதட்டினார்கள், ஒரு தரம் திரும்பக் கேட்டார்கள், அவ்வளவுதான். அவருடைய வேறு மெட்டுகளுக்குக் கிடைத்த வரவேற்போடு ஒப்பிட்டால் அது சாதாரணம். அதே வருடம் பரீஸ் உலகக் கண்காட்சிக்குப் போனபோது வாத்தியத்தில் மட்டும் வாசித்தார். பரீஸ் மயங்கிவிட்டது. அங்கிருந்து லண்டன், அமெரிக்கா என்று பரவி இன்று எங்கள் கடைக் கைபேசி வரை வந்திருக்கிறது.

டான்யூப் ஆறு நீலமில்லை. பெரும்பாலும் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் என்றே பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஓடுவது சுது கங்கை. சுது என்றால் சிங்களத்தில் வெள்ளை. பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தால் வந்து, உக்குவளை மின்நிலையத்தைச் சுற்றவைத்துவிட்டு அதில்தான் விழுகிறது. மழை பெய்தால் அதன் நிறம் பால் தேநீர். யாரும் அதற்காக ஆற்றின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஸ்ட்ராஸ் விடயத்தில் இன்னொன்று இருக்கிறது. அந்த ஆறு அவருடைய பாட்டனாரைக் கொண்டுபோன ஆறு. தந்தையை அநாதையாக்கிய ஆறு. அதற்குத்தான் உலகத்திலேயே மிக மகிழ்ச்சியான மெட்டு ஒன்றை அவர் கொடுத்திருக்கிறார். இதை நினைத்து எழுதினாரா என்று எந்த நூலிலும் நான் காணவில்லை. ஆனாலும் மெட்டின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். வோல்ட்ஸ் உடனே தொடங்காது. வயலின்கள் மிக மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும், விடியற்காலையில் தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே போய்த்தான் அந்த மூன்று தட்டு வரும்.

1872இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் ஒரு சமாதான விழாவுக்குப் போனார். சுமார் 20,000 பேர் பாடும் குழு. ஒருவருடைய கைக்கோலை அத்தனை பேரும் பார்க்க முடியாது என்பதால் சுமார் நூறு துணை நடத்துநர்கள். தொடங்குவதற்குச் சைகை ஒரு பீரங்கி வெடி. எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றாக முடித்ததே பெரிய காரியம் என்ற மாதிரி அவர் பின்னர் சொன்னாராம். ரசிகைகள் நினைவுக்கு அவருடைய முடிக்கற்றை கேட்டு நச்சரிக்க, பணியாள் கறுப்பு நாயின் முடியை வெட்டிக் கொடுத்து அனுப்பினான் என்று ஒரு கதையும் உண்டு. அந்த நாய் பாவம்.

இவ்வளவு தூரம் பயணம் செய்தவர் பயணத்துக்குப் பயந்தவர். ரயிலில் ஏறினால் யன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொள்வார். மலையைப் பார்த்தால் பயம். எல்லாவற்றையும்விட மரணத்துக்குப் பயம். 1870 பெப்ரவரியில் தாய் அன்னா இறந்தபோது அவர் மரணச் சடங்குக்குப் போகவில்லை. அதே வருடம் ஜூலையில் தம்பி யோசப் போனார். தனக்காகக் கணவரையே எதிர்த்து நின்ற தாயின் ஜனாஸாவுக்குப் போகாத மகன் என்பதை வாசித்தபோது இந்தக் கட்டுரையை எழுத வேண்டாம் என்றே நினைத்தேன். இன்றும் அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆனால் மறைத்து எழுதினால் அது அவருடைய வாழ்க்கையாக இருக்காது.

பிற்காலத்தில் மேடை இசை நாடகங்கள் எழுதினார். 1874 ஏப்ரலில் அரங்கேறிய டீ ஃப்ளேடர்மௌஸ், அதாவது வௌவால், இன்றும் நடிக்கப்படுகிறது. மூன்று திருமணங்கள். மொத்தம் சுமார் 500 ஆக்கங்கள். கனமான இசைக்குப் பெயர்போன பிராம்ஸ் அவருடைய நண்பர். ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண் ஒருவர் கையொப்பம் கேட்டு விசிறியை நீட்டியபோது, பிராம்ஸ் நீல டான்யூபின் முதல் சுரங்களை எழுதி, துரதிர்ஷ்டவசமாக இது தன்னுடையது இல்லை என்று கீழே குறித்துக் கொடுத்தார். 1880களின் கடைசியில் ஸ்ட்ராஸ் செய்த ஒரு வேலை பெரிதாகப் பேசப்படுவதில்லை. தந்தையின் ஆக்கங்கள் எல்லாவற்றையும் தேடித் திரட்டி, பியானோவுக்கான பதிப்பாகத் தானே தொகுத்து வெளியிட்டார். வயலினைத் தடுத்தவருடைய சுரங்களை வயதான மகன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

1899 ஜூன் 3ஆம் திகதி நியுமோனியாவால் 73 வயதில் ஸ்ட்ராஸ் காலமானார். அன்று நகரப் பூங்காவில் ஓர் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்ததாம். நடத்துநரின் காதில் யாரோ வந்து செய்தி சொல்ல, குழு வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நீல டான்யூபை மிக மெல்லத் தொடங்கியது. கூட்டத்தினர் புரிந்துகொண்டு எழுந்து நின்றார்கள் என்று சொல்கிறார்கள்.

ஆட்கள் போன பின் தாள்களுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. 1907 ஒக்டோபரில் தம்பி எடுவார்ட், குடும்பத்துக் குழுவின் கையெழுத்துச் சுரத்தாள்களை வண்டிகளில் ஏற்றி ஓர் உலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மணிக்கணக்காக எல்லாவற்றையும் எரிக்கவைத்தார். பிறர் கையில் சிக்கக் கூடாது என்று யோசப்புடன் செய்த உடன்படிக்கை என்பது அவருடைய விளக்கம். அச்சில் வந்தவை தப்பின. வராதவை போயின.

பேசாப்படக் குழப்பத்துக்கு விடை கிடைத்தது இந்த இடத்தில்தான். பேசாப்படம் ஓடும் மண்டபம் ஒருபோதும் அமைதியாக இருக்கவில்லை. படம் பேசாது, ஆனால் திரைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் இருப்பார்கள். பெர்லின் போன்ற நகரங்களின் பெரிய மண்டபங்களில் முழுக் குழு, சிற்றூரில் ஒரேயொரு பியானோ. எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று குறித்த தாள்களும் படங்களுடன் அனுப்பப்படுவதுண்டு. தமிழ்நாட்டின் கூடாரக் கொட்டகைகளில் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வாராம். ஆகவே 1926இல் நீல டான்யூப் என்ற பெயரைச் சுவரொட்டியில் பார்த்தவர்கள், உள்ளே போனால் அந்த மெட்டு உயிரோடு வாசிக்கப்படும் என்று எதிர்பார்த்தே போயிருப்பார்கள். ஊருக்கு ஊர் குழு மாறும், அதனால் ஒரே படம் ஊருக்கு ஊர் வேறுவிதமாக ஒலித்திருக்கும். சுருள் பெட்டிக்குள் திரும்பிப் போகும்போது அன்றைய வாசிப்பும் போய்விடும்.

சுருளும் நிலைக்காது. அந்தக் காலப் படச்சுருள் தீயை இலகுவில் பற்றிக்கொள்ளும். நமது நாட்டின் முதல் கதைப்படம் 1925இல் எடுக்கப்பட்ட ராஜகீய விக்கிரமய. அதுவும் பேசாப்படம், அதைத் தயாரித்தவர் நூர்பாய் என்ற முஸ்லிம் வர்த்தகர். இந்த நாட்டு மக்கள் ஒரு தரம் பார்க்கு முன்பே அது எரிந்துபோய்விட்டது. எடுவார்டின் உலையையும் நூர்பாயின் சுருளையும் ஒரே நாளில் வாசித்துவிட்டு அன்றிரவு என் பழைய கட்டுரைக் கொப்பிகளை அலுமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினேன். உம்மா அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்துவைத்திருந்தார்.

எரிக்காமலே அழிக்கவும் முடியும். ஸ்ட்ராஸின் பூட்டனார் யூதராகப் பிறந்து கிறிஸ்தவரானவர் என்று வியன்னாவின் பெரிய தேவாலயத்தின் 1762ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டில் இருந்தது. ஹிட்லரின் ஆட்கள் இதைக் கண்டுபிடித்துத் திகைத்தார்கள். எல்லோருக்கும் பிடித்த மெட்டை விடவும் முடியாது, அதை எழுதியவரின் வம்சத்தை ஏற்கவும் முடியாது. 1941இல் பதிவேட்டை எடுத்துப்போய் அந்தப் பதிவை நீக்கிய போலிப் பிரதியைத் திருப்பி வைத்தார்கள். ஒரு வோல்ட்ஸுக்காக ஓர் அரசாங்கம் கள்ளப் பதிவேடு செய்தது.

மெட்டு அதையெல்லாம் கவனிக்காமல் போய்க்கொண்டேயிருந்தது. 1968இல் வந்த 2001: விண்வெளிப் பயணம் பற்றிய புகழ்பெற்ற படத்தில் விண்கலம் மெதுவாகச் சுழலும்போது ஒலிப்பது இதுதான். இயக்குநருடன் சேர்ந்து அந்தக் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். ஸ்ட்ராஸ் பிறந்து 200 வருடமான 2025இல், மே 31ஆம் திகதி, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஸ்பெயினிலுள்ள ஓர் அன்டெனாவிலிருந்து இதை வொயேஜர் 1 விண்கலம் இருக்கும் திசையில் அனுப்பியது. ஒளியின் வேகத்தில் போயும் அந்தக் கலத்தின் தூரத்தைத் தொட சுமார் 23 மணித்தியாலம் வேண்டும். அது நடந்து சில நாட்களில்தான் நான் கடையில் பதினொரு நிமிடம் காத்திருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதலாம் திகதி வியன்னாவில் நடக்கும் புத்தாண்டு இசை நிகழ்ச்சியை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். முடிவில் நீல டான்யூபின் நடுங்கும் தொடக்கம் கேட்டவுடன் மக்கள் கைதட்டி நிறுத்துவார்கள், குழுவினர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார்கள், மறுபடி தொடங்கும். ஆனால் அதுவும் கடைசி இல்லை. அதற்குப் பிறகு தந்தை ஸ்ட்ராஸின் ராடெட்ஸ்கி அணிநடை வரும். நடத்துநர் குழுவுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று மக்களின் கைதட்டலை நடத்துவார். மகனுடைய மெட்டுக்குப் பிறகு தந்தையின் மெட்டு. 1844 ஒக்டோபர் மாலையிலும் அந்த வரிசைதான்.

இந்தக் கட்டுரையை முடித்த அன்று கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து இரண்டையும் வாப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். நீல டான்யூப் தொடங்கியவுடன் அந்த அலுவலகம் நினைவுக்கு வந்துவிட்டதாகச் சொல்லி முகத்தைச் சுளித்தார். அணிநடை வந்தபோது தராசுத் தட்டின் விளிம்பில் விரலால் தட்டினார். தகப்பனுடையதுதான் நன்றாக இருக்கிறது என்பது அவருடைய தீர்ப்பு. பத்திர விடயமாக மறுபடியும் அங்கே எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை கைபேசியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.